பின்சீட்டுக் கம்பி

அந்த ஓட்டைங்களைத்தான பார்க்கறீங்க? பாருங்க தம்பி, நல்லா குனிஞ்சே பாருங்க. மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. வெளம்பரத்துல போட்ட போட்டோவுல அது தெரியாதுங்க, எடுத்த கோணம் அப்படி. துரு கிடையாது, மோதுன வண்டியும் கிடையாது. நானே ட்ரில் போட்ட ஓட்டைங்க அது. அங்க குறுக்க ஒரு கம்பி இருந்துச்சு. விக்கறதுக்காகக் கழட்டி வெச்சேன்.

இடது பக்கமா உள்ள உக்காந்து பாருங்க, அப்பத்தான் தெரியும். காலை மொதல்ல விடாதீங்க, இடுப்பை விடுங்க. ஆங், அப்படித்தான். இந்த சீட்டு சாயாதுங்க, ஒரே வார்ப்பு, பந்தயக்காரங்க போடறது. சௌரியமா இருக்குதுங்களா? இருக்காது. பழகிக்கும்.

நீங்க திருப்பூருன்னீங்க இல்ல? எனக்குக் கொடுமுடிங்க. மகுடேஸ்வரன்னு என்ற பேரைச் சொன்னாலே கண்டுக்குவாங்க, எங்கூர்ச் சாமி பேரு. இந்த வீடு மாமனார் வீடு. கல்யாணமான புதுசுல ஒரு மாசம் இருக்கலாம்னு வந்தோம். மாமியார் அப்பவே இல்ல, வீட்ல இவரும் மகளும்தான். ஒரே மகள். 'மாப்ள, இவ்வளவு பெரிய வீட்ல நான் ஒருத்தன் என்ன பண்றது, இங்கயே இருந்துக்கங்க'ன்னாரு. இருந்துக்கிட்டோம். என்ற பொண்ணு பொறந்து, வளந்து, இப்ப சென்னையில ஹாஸ்டல்ல இருந்து படிக்கறா. பார்த்துக்கங்க.

நான் ஒண்ணும் குறை சொல்லலீங்க. மாமா பேரு சென்னியப்பன், பம்பு கம்பெனி வெச்சிருக்காரு, பீளமேட்டுல கேட்டா சொல்லுவாங்க. நான் அதுல டைரக்டருங்க. தனி ரூம், தனி ஏ.சி. கையெழுத்துப் போடற எடத்துல பென்சில்ல புள்ளி வெச்சுக் கொண்டாந்து குடுப்பாங்க, போட்டுருவேன். காலையில மாமா எந்திரிச்சா நாங்க எந்திரிப்போம். அவரு சாப்பிட உக்காந்தா உக்காருவோம். டி.வி.யில அவரு எதைப் பார்க்கறாரோ அதுதான். எனக்கு என்னங்க குறை? ஒரு குறையும் இல்ல.

இந்த வண்டி மட்டும் என்ற சொந்தம். கொடுமுடியில அப்பா பேர்ல இருந்த தென்னந்தோப்புல என்ற பங்கு வந்துச்சு, அதைப் போட்டு வாங்குனேன். ஜப்பான் வண்டி, ரெண்டே கதவு, பழசுதான். ஆனா என்ஜின் சத்தத்தைக் கேளுங்க. இல்ல, இப்ப வேண்டாம், மாமா மத்தியானத் தூக்கத்துல இருக்காரு.

வாங்குன புதுசுல ஒரு ஞாயித்துக்கிழமை ஆனைகட்டி ரோட்டுல ஓட்டிட்டுப் போனேன். வளைவுல திருப்புறப்ப பின்னாடி எங்கயோ கிர்ருனு ஒரு முனகல். மெக்கானிக்குங்க சொன்னாங்க, வயசான வண்டி, பாடி முறுக்கிக் குடுக்குது, அதான் சத்தம்னு. அப்ப பிடிச்சுதுங்க எனக்கு இந்தக் கம்பிப் பைத்தியம். வண்டிங்கறது ஒரு டப்பா மாதிரிதானுங்க? வளைவுல போறப்ப டப்பா லேசா திருகும். குறுக்க ஒரு கம்பியைக் குடுத்து இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் கட்டிட்டா திருகாது. பிரேஸுன்னு சொல்லுவாங்க. மொதல்ல முன்னாடி போட்டேன், பானெட்டைத் தூக்குனீங்கன்னா தெரியும், செகப்பா இருக்கும். ரெண்டு சஸ்பென்ஷன் தலையையும் சேர்த்துக் கட்டறது. அப்புறம் அடியில ரெண்டு. அப்புறம் டிக்கிக்குள்ள ஒண்ணு.

இதுல ஒரு சூட்சுமம் இருக்குதுங்க தம்பி. போல்ட்டைக் கடைசியா இறுக்கறப்ப வண்டி சமதரையில, நாலு சக்கரத்துலயும் நிக்கணும். ஜாக்கி மேல தொங்கவுட்டு இறுக்குனா, எப்படிக் கோணிட்டு இருக்குதோ அப்படியே பூட்டிக்கும். அப்புறம் அதுதான் அதோட வடிவம். நான் மொத ரெண்டைத் தொங்கவுட்டு இறுக்கிட்டு, அப்புறமேட்டுக்குத்தான் படிச்சேன். எல்லாத்தையும் கழட்டி மறுபடி மாட்டுனேன். ஞாயித்துக்கிழமையானா நான் இந்த போர்டிகோவுல வண்டிக்கு அடியிலதான் படுத்திருப்பேன். சும்மா சொல்லக் கூடாதுங்க, வண்டிக்கு அடியில படுத்துட்டா யாரும் கூப்பிட மாட்டாங்க. கூப்பிட்டாலும் காதுல விழலைன்னு சொல்லிக்கலாம்.

மாமாவுக்கு வேடிக்கை. இட்லி சாப்பிடறப்ப கேப்பாரு, 'என்னங்க மாப்ள, இன்னைக்கும் கம்பி எண்ணப் போறீங்களா?' அப்புறம் அவரே சிரிச்சுக்குவாரு. 'எண்ணுங்க எண்ணுங்க, நீட்டாம இருந்தாச் சரி.' கவிதாமணியும் லேசா சிரிப்பா. கவிதாமணிங்கறது என்ற சம்சாரம். பி.ஃபார்ம் படிச்சவ. வேலைக்குப் போகணும்னு கல்யாணமான புதுசுல ஒரு தடவை கேட்டா. 'நம்ம வீட்டுப் பொண்ணு மாத்திரை எண்ணிக் குடுக்கோணுமா'ன்னு மாமா கேட்டாரு. சரிதானுங்களே. அதோட அவளும் விட்டுட்டா.

கடைசிக் கம்பிதான் நீங்க பார்க்கறது. இந்த முன் சீட்டு ரெண்டுக்கும் பின்னாடி, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு, நெஞ்சு உசரத்துல வரும். அதைப் போடணும்னா பின்சீட்டைக் கழட்டணும். கழட்டிட்டேன். பொண்ணு சென்னைக்குப் போனப்புறம் பின்சீட்டுல யாரு உக்கார்றா? முன்சீட்டும் சாயற சீட்டு வேண்டாம்னு இதை மாட்டுனேன். பின்னாடி போகணும்னா இனி டிக்கி வழியாத்தான் ஏறணும். ஒரு சின்னத் தப்பு நடந்துச்சு, கம்பியோட பிராக்கெட்டு டிக்கி கேபிளை நசுக்கிருச்சு. டிரைவர் சீட்டுகிட்ட இருக்கற லீவரை இழுத்தா இப்பத் திறக்காது. வெளிய இருந்து சாவி போட்டாத் திறக்குது. சரி, பின்னாடி யாரு ஏறப் போறாங்கன்னு விட்டுட்டேன்.

மாட்டி முடிச்சு ஆனைகட்டி ரோட்டுல ஓட்டுனேன் பாருங்க. ஒரு முனகல் இல்ல. வாயைத் திறக்கலீங்க வண்டி. வீட்டுக்கு வந்து கவிதாமணியைக் கூட்டிட்டு வந்து காட்டுனேன். பார்த்துட்டு, 'இனி இதுல நாம மூணு பேரும் சேர்ந்து எங்கயும் போக முடியாதுங்களா?'ன்னா. 'அதான் பெரிய வண்டி இருக்குதே'ன்னேன். 'அது அப்பாவோட வண்டிங்க'ன்னா. உள்ள போயிட்டா.

இறங்கறீங்களா? சித்த இருங்க தம்பி, இன்னும் நீங்க கேட்டதுக்குப் பதில் வரல. ஏன் கழட்டுனேன்னுதான கேட்டீங்க?

போன வைகாசியில ஒரு சனிக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டு எந்திரிச்ச மாமா, வாஷ்பேசினைப் பிடிச்சுட்டு அப்படியே தரையில உக்காந்துட்டாரு. முதுகெல்லாம் வேர்வை. ஒரு கையால இடுப்பைப் பிடிச்சிருக்காரு, பேச்சு வரல. அவரு அப்படி உக்காந்து நான் பார்த்ததே இல்லீங்க. அவரு நாற்காலியில தவிர வேற எங்கயும் உக்கார மாட்டாரு. பெரிய வண்டி அன்னைக்குன்னு பார்த்து சர்வீசுக்குப் போயிருந்துச்சு. ஆம்புலன்சுக்குப் போன் போட்டா, பாலம் வேலை நடக்குது, சுத்திட்டு வரணும், நேரமாகும்ங்கறாங்க. டாக்சி புக் பண்ணுனா, பண்ணப் பண்ணக் கேன்சல்.

கவிதாமணிதான் சொன்னா, 'உங்க வண்டியை எடுங்க.'

இதோ, நீங்க உக்காந்திருக்கற இந்த சீட்டுலதான் மாமாவைத் தூக்கி வெச்சோம். நாலு பக்கமும் பெல்ட்டை மாட்டுனேன். இவ நிக்கறா. 'நான் எங்கங்க உக்கார்றது?'

'நீ ஆட்டோ பிடிச்சுப் பின்னாடி வந்துரு.'

'அப்பாவை இப்படி அனுப்பிட்டு நான் ஆட்டோவுலயா வரட்டும்? டிக்கியைத் திறங்க.'

சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு டிக்கி வழியா ஏறுனா. தவழ்ந்து போய், டிக்கிக் கம்பிக்கு அடியில நுழைஞ்சு, பின்சீட்டு இருந்த எடத்துல தரையில குத்த வெச்சு உக்காந்தா. முன்னாடி நெஞ்சுக்கு நேர இந்தக் கம்பி. அதுக்கு அடியில கையை விட்டு அவங்கப்பா தோளைப் பிடிச்சுக்கிட்டா. தலையைக் குனிஞ்சுக்கன்னு சொல்லிட்டு டிக்கியைச் சாத்துனேன்.

அன்னைக்கு ஓட்டுனேன் பாருங்க தம்பி, அந்த மாதிரி அதுக்கு முன்னயும் ஓட்டல, அப்புறமும் ஓட்டல. அவிநாசி ரோட்டுல பாதி தோண்டிப் போட்டிருக்கு, சந்து சந்தாப் புகுந்து போறேன். திருப்புனா திருப்புன எடத்துல நிக்குது. கோடு கிழிச்ச மாதிரி போகுதுங்க. குழியில எறங்குறப்பத்தான் கொஞ்சம் உதைக்கும், கம்பி போட்ட வண்டி அப்படித்தான். ஒவ்வொரு குழிக்கும் மாமா முனகுவாரு, பின்னாடி இருந்து இவ 'மெதுவா, மெதுவா'ங்கறா. மெதுவாப் போற வண்டியா இது?

ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்துனதும் ஸ்ட்ரெச்சர் வந்துருச்சு. பெல்ட்டைக் கழட்டி அவரைத் தூக்கறாங்க. அப்ப மாமா என்ற கையைப் பிடிச்சாருங்க. கெட்டியா. என்ற கல்யாணத்துல பொண்ணைத் தாரை வாத்துக் குடுத்தப்பத் தொட்டது, அதுக்கப்புறம் அன்னைக்குத்தான். கையை விடவே இல்ல. நானும் கூடவே ஓடுனேன். பாதி தூரம் போனப்ப வாட்ச்மேன் வண்டியை ஓரங்கட்டச் சொன்னான். ஓடி வந்து வேப்பமரத்தடியில தள்ளி நிறுத்திட்டு, கதவைச் சாத்திட்டு, பழக்க தோஷம், பட்டனை அமுக்கிப் பூட்டிட்டுத் திரும்பவும் ஓடுனேன். மாமாவுக்குக் காத்து வேணும்னு இந்தப் பக்கக் கண்ணாடியை எறக்கி வெச்சிருந்தது, அது அப்படியே இருந்துச்சு. அது ஒரு நல்லதாப் போச்சு.

அவ ஏதோ சொன்னான்னு அப்புறம் சொல்றா. எனக்குக் காதுல விழலீங்க.

உள்ள போனா, ரத்தம் எடுக்கறாங்க, ஸ்கேனுங்கறாங்க. நெஞ்சு வலி எல்லாம் இல்ல, கல்லடைப்பாம். சிறுநீரகத்துல கல்லு நகுந்து வந்து அடைச்சிருக்குது. ஊசி போட்டாங்க, கொஞ்ச நேரத்துல மனுசன் முகம் தெளிஞ்சிருச்சு. என்னையப் பார்த்தாரு. பார்த்துட்டு, 'மாப்ள, வண்டி நல்லாத்தான் போகுது'ன்னாரு.

தம்பி, நான் உங்களுக்கு எப்படிச் சொல்றது? இத்தனை வருசத்துல அந்த மனுசன் எங்கிட்ட நல்லாருக்குன்னு சொன்ன மொத வார்த்தை அது. பம்பு கம்பெனியில நான் எது சொன்னாலும் 'பார்க்கலாம்'ம்பாரு, அதோட சரி. அன்னைக்குக் கட்டில்ல படுத்துட்டு அவரே கேக்கறாரு, 'அந்தக் கம்பியெல்லாம் எதுக்குங்க மாப்ள?' நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தேன். முன்னாடி போட்டதுல இருந்து ஆரம்பிச்சேன். பாடி எப்படித் திருகுது, எதை எதோட கட்டணும், ஏன் சமதரையில நிறுத்தி இறுக்கணும், எல்லாம் சொல்றேன். கேட்டுட்டே இருக்காரு. நடுவுல சந்தேகம் கேக்கறாரு. 'உருட்டுக் கம்பியா, குழாயா?' குழாய்னேன். 'அதான் சரி, கனம் குறையும்'ங்கறாரு. இரும்புத் தொழில்ல ஊறுனவரு இல்லீங்களா, சட்டுனு பிடிச்சுக்கறாரு.

அப்படியே பேசிட்டே தூங்கிட்டாரு. நர்சம்மா வந்து பாட்டிலை மாத்திட்டு, 'பெரியவருக்கு மகள் யாரும் இல்லீங்களா?'ன்னு கேட்டாங்க.

இறங்கி ஓடுனேன்.

வேப்பமரத்தடியில வண்டியைச் சுத்திக் கூட்டம். கோயமுத்தூர்ல எங்க ஒறம்பரை, சொந்தபந்தத்துல பாதிப் பேரு அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் வருவாங்க. யாரையோ பார்க்க வந்த இவளோட வெள்ளக்கோயில் சின்னம்மா, எறக்கியிருந்த கண்ணாடி வழியாத் தண்ணி பாட்டிலை நீட்டிட்டு நிக்குது. வாட்ச்மேன் உள்ள கையை விட்டுக் கதவைத் திறந்து, லீவரை இழுத்து இழுத்துப் பார்த்திருக்கான். சீட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல ஒரு ஆளு வர முடியாதுங்களே. இவ எனக்குப் போன் போட்டிருக்கா. என்ற போன் டேஷ்போர்டுல, ஸ்டாண்டுல நிக்குது. அவ கண்ணு முன்னாடியே அடிச்சு அடிச்சு நின்னிருக்குது. அதுல அவ போட்டோதான் வந்துட்டு இருந்துச்சாம்.

டிக்கியைத் திறந்தேன். உடனே எறங்கலீங்க அவ. முட்டியைக் கட்டிட்டு உக்காந்திருந்தா. ஜாக்கெட்டெல்லாம் நனைஞ்சு, முன்னங்கையில கம்பி அழுந்துன தடம்.

'அப்பாவுக்கு என்னங்க?'ன்னா.

'கல்லுதான். பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல. தூங்கறாரு.'

'எப்பத் தூங்குனாரு?'

'இப்பத்தான். அதுவரைக்கும் பேசிட்டு இருந்தோம்.'

'என்ன பேசுனீங்க?'

நான் பொய் சொல்ற ஆளு இல்லீங்க. 'வண்டியைப் பத்தி'ன்னேன்.

கையை நீட்டுனா, பிடிச்சு எறக்குனேன். சின்னம்மா என்னமோ ஆரம்பிச்சுது, இவ 'விடுங்க சின்னம்மா'ன்னுட்டா. எல்லாரும் போனப்புறம் மரத்தடித் திட்டுல உக்காந்துட்டு, சண்டை போடற மாதிரியே இல்லாம, சாதாரணமாச் சொன்னா. 'போறவங்க வர்றவங்க எல்லாரும் எங்கிட்ட ஒண்ணுதாங்க கேட்டாங்க, வண்டிக்காரர் எப்ப வருவாருன்னு. எனக்குத் தெரியலைன்னேன். சொல்லிட்டே இருக்கறப்பத் தோணுச்சு, நான் எந்நேரமும் இப்படித்தான் உக்காந்துட்டு இருக்கேன். ஒண்ணு அப்பா வரணும், இல்ல நீங்க வரணும்.'

களைப்புல பேசறான்னு நினைச்சேன். 'டீ குடிக்கறயா?'ன்னு கேட்டேன்.

ஆடி முடிஞ்சதும் அவ வீட்டை விட்டுப் போயிட்டாளுங்க. கோவிச்சுட்டு எல்லாம் இல்ல, சொல்லிட்டுத்தான் போனா. வடவள்ளியில ஒரு மெடிக்கல் கடையில வேலை, பக்கத்துலயே மாடியில ஒரு சின்ன வீடு. போறேன்னு அவ சொன்னதுல இருந்து மாமா மூணு நாள் சாப்பிடல. அவ போயி அவருகிட்ட உக்காந்து, 'மாத்திரைதானப்பா எண்ணிக் குடுக்கறேன்'ன்னு சொல்லிட்டு, பெட்டியைத் தூக்கிட்டு, டவுன் பஸ்ஸுல போயிட்டா. எங்கிட்டயும் சொன்னா, 'நீங்களும் வாங்க. அங்க வண்டி நிறுத்த எடமில்ல. வித்துட்டு வாங்க.'

பார்த்தீங்களா கூத்தை. மகள் வெளிய, மருமகன் உள்ள. ஊர்ல கேக்கறவங்களுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?

ஞாயித்துக்கிழமை போயிப் பார்த்துட்டு வர்றேனுங்க. சின்ன வீடுதான், படி ரொம்ப செங்குத்து. ஏறிப் போனா மூச்சு வாங்குது. அவ என்னடான்னா பாட்டை முணுமுணுத்துட்டே மொட்டை மாடியில துணி காயப் போடறா. இத்தனை வருசத்துல அவ பாடி நான் கேட்டதில்ல. நல்ல வசதியை விட்டுட்டு ஒத்தை ரூம்புல கெடக்கறாளேன்னு எனக்குத்தான் மனசு அடிச்சுக்குது. அவளுக்குச் சொன்னாப் புரியல.

அதான் விக்கறேனுங்க. விக்கணும்னுதான் கம்பியைக் கழட்டுனேன், பின்சீட்டைத் தேடி எடுத்து வெச்சேன், வெளம்பரம் குடுத்தேன். உங்களுக்கு முன்னாடியும் ஆளுங்க வந்தாங்க. ஒருத்தருக்குக் குடுக்கறதாவே இருந்தேன். ஆனா, அந்தக் கேபிள் சரியில்லாத வண்டியை எப்படிங்க ஒருத்தர் தலையில கட்டறது? மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதுல்ல. புதுக் கேபிள் இன்னும் வரல, சொல்லி வெச்சிருக்கேன்.

அப்புறம் மாமா வேற. அவரு இப்ப ரொம்ப மாறிட்டாருங்க. சாயந்திரமானா, 'மாப்ள, ஒரு ரவுண்டு போலாமா?'ங்கறாரு. இந்த சீட்டுல அவரே பெல்ட்டை மாட்டிக்கறாரு. மருதமலை அடிவாரம் வரைக்கும் போயிட்டுத் திரும்புவோம். திரும்பற வழியில வடவள்ளி வருது, கடை வெளிச்சம் ரோட்டுல இருந்தே தெரியும். அவரும் நிறுத்தச் சொல்றதில்ல, நானும் நிறுத்தறதில்ல. போன வாரம் பாருங்க, எங்கிட்டச் சொல்லாமயே கம்பெனி லேத்துல ஒரு கம்பி பண்ணிக் கொண்டாந்துட்டாரு. குழாய், நல்ல கனமில்லாத குழாய். அதோ, செவுத்தோரம் துணி சுத்தி வெச்சிருக்கே, அதுதான். அந்த ஓட்டைங்களுக்கு அளவெடுத்து அவரே வரைஞ்சிருக்காரு. வயசானவரு ஆசையாப் பண்ணிக் குடுத்ததை மாட்டாம வண்டியை வித்தா நல்லாவா இருக்கும்? நீங்களே சொல்லுங்க.

ஒண்ணு பண்ணுங்க. அடுத்த மாசம் வாங்க. இதை மாட்டி, ஓட்டிப் பார்த்து, முனகல் இல்லாம இருந்துச்சுன்னா அப்பப் பேசிக்கலாம்.

மாமா எந்திரிச்சுட்டாரு போல, செருப்புச் சத்தம் கேக்குது. எறங்குங்க தம்பி. இல்ல, அப்படி வராதுங்க, கையை மேல குடுத்துத் தம் பிடிச்சு எந்திரிங்க. ஆங்.

போறப்ப கேட்டைக் கொஞ்சம் நல்லா இழுத்துச் சாத்திட்டுப் போங்க. கொண்டி வெளிப்பக்கமா இருக்குது.